ஒரே பூ, மூன்று படங்கள்: ஒளிப்படம், தாவர ஓவியம், நீல அச்சு

பூவைப் படமெடுப்பவர், வரைபவர், அச்சிடுபவர் மூவருக்கும் அந்தப் பூவிடமிருந்து வேண்டியது வேறு வேறு. ஒளிப்படத்தில் கிடைப்பது அந்த நிமிடத்து வெளிச்சம். தாவர ஓவியத்தில் வேண்டியது, அந்த இனத்துப் பூ எதைப் பறித்துப் பார்த்தாலும் மாறாமல் இருக்கும் அமைப்பு. பூவையே தாளின் மேல் வைத்து எடுக்கும் அச்சில் இருப்பது, அந்த ஒரு பூ தாளைத் தொட்ட தடம். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பழகுகிறவர்கள்தான் அதிகம். ஒரே பூவை வைத்து மூன்றையும் சேர்த்துச் செய்து பாருங்கள் என்பேன். ஒருமுறை பூவை அறுத்து வரைந்தவருக்கு, அடுத்த தடவை கேமராவில் ஃபோகஸ் எங்கே விழ வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சு எடுத்தவருக்கு, இதழின் எந்த இடம் தடிமன், எந்த இடம் மெல்லியது என்று தெரிந்திருக்கும். அது தூரிகையைப் பிடிக்கும்போது உதவும்.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொள்ளும் பூ செம்பருத்தி. ஐந்து இதழ் கொண்ட ஒற்றை அடுக்குப் பூவாக இருக்கட்டும். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பல இதழ்களாக மாறிப்போயிருக்கும், அமைப்பைப் படிக்கக் கடினம். ஒற்றைப் பூவில் எல்லா உறுப்பும் பெரிதாக, வெறும் கண்ணுக்கே தெரியும்படி இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல்: பெரும்பாலும் அது ஒரு நாள் பூ. காலையில் விரிந்தது மாலையில் சுருங்கத் தொடங்கிவிடும். ஆகவே வேலையின் வரிசை மிக முக்கியம். முதலில் ஒளிப்படம், உடனே நிறக்குறிப்பு, அப்புறம் பென்சில் வரைவு, அதன் பிறகு அறுத்துப் பார்ப்பது, கடைசியில் அழுத்தி உலர்த்துவது. வண்ணம் தீட்டுவதும் அச்செடுப்பதும் மறுநாளோ மறுவாரமோ நடக்கலாம்.

பறிப்பது

முழுதாக விரிந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். பூவை மட்டும் கிள்ளாமல், இலையும் மொட்டும் சேர்ந்த 15 முதல் 20 செ.மீ. நீளக் கொப்பாக வெட்டி உடனே தண்ணீரில் வையுங்கள். அதோடு தனியாக இரண்டு பூ வேண்டும்: ஒன்று அறுப்பதற்கு, ஒன்று அழுத்துவதற்கு. பூச்சி கடித்த இலையைத் தவிர்க்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஒளிப்படத்துக்கு அது அழகு. தாவர ஓவியத்துக்கு முழு இலை ஒன்றாவது தேவை, ஏனென்றால் இலையின் விளிம்பு முழுவதும் தெரிய வேண்டும்.

கேமராவை எடுப்பதற்கு முன் செடியின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பூ எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காம்பு இலைக்கக்கத்திலிருந்து எப்படி வளைந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குவளையில் வைத்த பிறகு கொப்பு வேறு மாதிரி சாயும், அந்த இயல்பான நிலை திரும்பக் கிடைக்காது.

ஒளிப்படம்

இரண்டு வகைப் படங்கள் எடுக்க வேண்டும். ஒன்று பார்வைக்கு, மற்றொன்று பதிவுக்கு. பதிவுப் படங்களை முதலில் முடித்துவிடுங்கள்: முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், மொட்டு, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலை தண்டோடு சேரும் இடம். ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒரு அளவுகோலும், முடிந்தால் சாம்பல் நிற அட்டையும் இருக்கட்டும். அளவுகோல் பூவுக்கு முன்னாலோ பின்னாலோ இல்லாமல் அதே தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய்யாகிவிடும்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். நேர் வெயில் இதழின் மேல் விழுந்தால் மெல்லிய ரேகைகள் மறைந்துவிடும், ஒரு வெள்ளைத் துணியை நடுவில் கட்டுங்கள். பூவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி ஒரு படமும் எடுங்கள். இதழுக்குள் ஓடும் நரம்புகள் அத்தனையும் அதில் தெரியும். ஓவியம் தீட்டும்போது அந்தப் படம் மிகவும் கைகொடுக்கும்.

சிவப்புப் பூ எடுப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கேமரா காட்டும் பொதுவான ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) சரியாக இருந்தாலும், சிவப்புத் தடம் மட்டும் உச்சத்தைத் தாண்டியிருக்கும். விளைவு, இதழ் முழுவதும் வடிவமே இல்லாத சிவப்புப் பரப்பாக வரும். மூன்று நிறத் தடங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பார்த்து, ஒளியை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் பிறகு மீட்க இடமிருக்கும்.

அடுத்தது கூர்மை. மிக நெருக்கத்தில் கூர்மையாக விழும் ஆழம் நம்ப முடியாத அளவு குறைவு. முழு அளவு சென்சாரில், பொருளும் பிம்பமும் ஒரே அளவாக வரும் நெருக்கத்தில், அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 11 வைத்தால்கூடக் கிடைப்பது ஏறத்தாழ 1.3 மி.மீ. ஆழம்தான். அதை எஃப் 22 வரை மூடினால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். அதைவிட நல்ல வழி, கேமராவைத் திருப்புவது. செம்பருத்தியின் நடுவிலிருந்து நீளும் மகரந்தத்தாள் குழலுக்கு இணையாகச் சென்சார் இருக்கும்படி பக்கவாட்டில் நின்றால், குழலும் அதன் மேலுள்ள மகரந்தப்பைகளும் நுனியிலுள்ள ஐந்து சூலகமுடிகளும் ஒரே தளத்தில் கூர்மையாக வரும். முன்னிருந்து எடுப்பதானால் சூலகமுடியில் ஃபோகஸ் வைத்து, இதழ்கள் மங்கட்டும் என்று விடலாம். எல்லாமே கூர்மையாக வேண்டுமென்றால் டிரைபாடில் வைத்து, ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் அடுக்கிச் சேர்க்க வேண்டும். காற்று வீசும் இடத்தில் இது நடக்காது.

கைப்பேசியில் எடுப்பவர்கள் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். அது மகரந்தத்தாள்களின் மெல்லிய நுனிகளைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியையும் பூட்டி, ஒளியைச் சற்றே கீழே இழுங்கள். பூவின் மூக்குக்கு அருகே கைப்பேசியைக் கொண்டுபோவதைவிடக் கொஞ்சம் விலகி, இரு மடங்கு லென்ஸில் எடுப்பதே மேல். கிட்டத்தில் அகலக் கோண லென்ஸ் முன்னிதழைப் பெரிதாக்கிப் பூவின் விகிதத்தைக் குலைத்துவிடும்.

பார்வைக்கு எடுக்கும் படத்தில் விதி ஒன்றும் இல்லை, ஆனால் பின்னணியை வெறுமையாக விடுங்கள் என்பேன். ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் செடிகளின் பகுதிகளை 30 மடங்கு வரை பெரிதாக்கி, வெறும் பின்னணியில் எடுத்தார். வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்த எடுத்த படங்கள் அவை. 1928இல் புத்தகமாக வந்தபோது கலைப்படைப்பாகவே கொண்டாடப்பட்டன. பாடத்துக்காக நேர்மையாக எடுத்த படம் அழகாகவும் இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கறுப்புப் பின்னணி வேண்டுமென்றால், கறுப்புத் துணியைப் பூவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிக் கட்டி, அதன் மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிறக்குறிப்பு

பூ வாடுவதற்கு முன்பே நிறம் மாறத் தொடங்கும். ஒளிப்படம் நிறத்தைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். திரைக்குத் திரை அது மாறும். ஒரு சிறு தாளில், பூவின் பக்கத்திலேயே வைத்து, வண்ணத்தைக் கலந்து கட்டம் கட்டமாகத் தீட்டி, எந்த வண்ணம் எந்த விகிதம் என்று கீழே எழுதுங்கள். இதழின் வெளிச்சப் பகுதி, நிழல் பகுதி, அடியிலுள்ள கருஞ்சிவப்பு, இலையின் இரண்டு பக்கம், மொட்டு என ஆறேழு கட்டம் போதும்.

தாவர ஓவியர் ஃபெர்டினாண்ட் பாவர் 1801இல் ஆஸ்திரேலியக் கரையோரப் பயணத்தில் சேர்ந்தபோது, கப்பலில் வண்ணம் தீட்ட வசதியில்லாமல், பென்சில் படங்களின் மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண்ணை எழுதிக்கொண்டே போனார். ஊர் திரும்பி ஆண்டுகள் கழித்து, அந்த எண்களைப் பார்த்தே வண்ணம் தீட்டினார். அவ்வளவு நினைவாற்றல் நமக்கு வேண்டாம், ஆறு கட்டமே போதும்.

வரைவதும் அறுப்பதும்

இந்த வேலையின் நடுநாயகம் இதுதான், நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள்.

வழவழப்பான, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாளும், எச்பி, 2எச் பென்சில்களும், ஒரு கவராயமும் வேண்டும். தாவர ஓவியம் பொதுவாக உண்மை அளவிலேயே வரையப்படுகிறது. கவராயத்தால் பூவின் அகலத்தை அளந்து அப்படியே தாளில் வையுங்கள். கண் மதிப்பு எப்போதும் பூவைப் பெரிதாகவும் காம்பைக் குட்டையாகவும் காட்டும். முதல் வரைவைச் சாதாரணத் தாளில் செய்து, அழித்துத் திருத்தி, டிரேசிங் தாள் வழியாக நல்ல தாளுக்கு மாற்றுங்கள். நல்ல தாளின் மேல் ரப்பரால் தேய்த்தால் பிறகு வண்ணம் அங்கே திட்டுத்திட்டாக நிற்கும்.

வரையும்போது இவற்றைக் கவனியுங்கள். மொட்டில் ஒவ்வொரு இதழும் அடுத்த இதழின் ஒரு விளிம்பை மூடி, மறுவிளிம்பால் முந்தைய இதழின் கீழே போகும். தாவரவியல் பாடத்தில் இதைத் திருகு இதழமைவு என்பார்கள். விரிந்த பூவிலும் இந்த ஒழுங்கு தெரியும். ஐந்தில் ஓரிதழை மாற்றிப் போட்டால்கூடப் படம் தவறு. பூவின் பின்னால் புல்லி வட்டம், அதற்கும் வெளியே குறுகலான சிறு இலைகள் போன்ற புறப்புல்லி வட்டம். முன்னிருந்து மட்டும் பார்த்து வரைகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். காம்பில் ஓரிடத்தில் முட்டி மாதிரி ஒரு இணைப்பு இருக்கும், அதுவும் வர வேண்டும். இலை விளிம்பில் பற்கள் மேல்பாதியில்தான் அதிகம், அடிப்பக்கம் ஏறக்குறைய வழுவழுப்பு.

சரி, இப்போது அறுப்போம். இரண்டாவது பூவைக் காம்பிலிருந்து நுனிவரை, புதுப் பிளேடால் ஒரே இழுப்பில் நெடுக்காகப் பிளக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியின் மேல் வைத்தால் சீக்கிரம் வாடாது. 10 மடங்கு கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். மகரந்தத்தாள்கள் அனைத்தும் ஒன்றாக இணைந்து ஒரு குழலாகியிருக்கும். அந்தக் குழலுக்குள்ளேயே சூலகத்தண்டு ஓடி, நுனியில் வெளியே வந்து ஐந்தாகப் பிரியும். அடியில் சூற்பை. இன்னொரு பூவின் சூற்பையைக் குறுக்காக வெட்டினால் ஐந்து அறைகள் தெரியும். தாவரவியலாளர் லின்னேயஸ் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தது பெரும்பாலும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை, அமைப்பைக் கொண்டுதான். தாள்கள் ஒரே கற்றையாகச் சேர்ந்த செம்பருத்திக் குடும்பம் அதில் 16ஆவது வகுப்பில் வந்தது. அந்த 24 வகுப்புகளையும் ஒரே தாளில் வரைந்து 1736இல் வெளியிட்டவர் தாவர ஓவியர் கியார்க் எஹ்ரெட். ஓவியர்கள் பூவை அறுத்து வரைவது வெறும் அலங்காரம் இல்லை. அறிவியலுக்கு வேண்டிய தகவல் முழுவதும் அந்த வெட்டுமுகத்தில்தான் இருந்தது.

வெட்டுமுகத்தையும் தனி உறுப்புகளையும் முக்கியப் படத்துக்குக் கீழே, பெரிதாக்கி வரையுங்கள். பக்கத்தில் "இரண்டு மடங்கு" என்று எழுதுவதைவிட ஒரு அளவுக்கோடு போடுவது நல்லது. படத்தை யாராவது சிறிதாக்கி அச்சிட்டால் எழுதிய மடங்கு பொய்யாகிவிடும், கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.

நிழலுக்கு ஒரு மரபு உண்டு: வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வது. ஒரே பக்கத்தில் பல உறுப்புகள் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே திசை என்பதால் கண் குழம்பாது. மையில் முடிப்பதானால் நிழலைப் புள்ளிகளால் போடுங்கள். பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, விரைந்து குத்தாமல், நிதானமாக. வால் முளைத்த புள்ளி எல்லாம் அவசரத்தின் அடையாளம்.

வண்ணத்தில் முடிப்பதானால், முதல் பூச்சு இருப்பதிலேயே வெளிறிய நிறமாக இருக்கட்டும். அது காய்ந்த பின் அடுத்தது, மறுபடியும் காயவிட்டு அடுத்தது. இலையின் பளபளப்புக்குப் பச்சைக்கு முன்பே மிக மெல்லிய நீலத்தை ஒரு பூச்சுக் கொடுத்து, பளபளக்கும் இடத்தில் அந்த நீலத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வெள்ளையைப் பிறகு ஏற்றினால் அந்த உயிர் வராது. சிவப்புக்கு நிழல் போடக் கறுப்பைத் தொடாதீர்கள், இதழ் அழுக்காகத் தெரியும். அதே சிவப்பில் துளி பச்சையோ ஊதாவோ கலந்தால் போதும். நரம்புகளைக் கோடாக இழுக்காமல், அவற்றுக்கு இடையிலுள்ள மேடுகளைத் தீட்டினால் நரம்பு தானாகவே தோன்றும்.

வண்ணக்குழாயின் பின்பக்கம் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பிஆர் 83 என்றால் அசல் அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் மங்கும். பிவி 19 என்ற குவினாக்ரிடோன் வகை நெடுநாள் நிற்கும். ஒரு வாரம் உழைத்த செம்பருத்தி வெளுத்துப்போகக் கூடாது இல்லையா?

நீல அச்சு

பூவைக் கொண்டு அச்செடுக்கப் பல வழிகள் உண்டு. மை தடவி ஒற்றுவது எளிது. அது இலைக்குப் பொருந்தும், நரம்பு புடைத்த அடிப்பக்கத்தில் மெல்லிசாக மை தடவி, தாளை மேலே வைத்து விரலால் தேய்த்தால் வந்துவிடும். ஆனால் இதழுக்கு அது முரடு. இதழின் மென்மை தெரிய வேண்டுமென்றால் சயனோடைப் என்ற நீல அச்சுதான்: வெயில் பட்டால் நீலமாகும் மருந்தைத் தாளில் பூசி எடுப்பது. அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளைத் தாளின் மேல் நேரடியாக வைத்து இந்த முறையில் அச்செடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களோடு வெளிவந்த முதல் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். கேமராவே இல்லாமல் எடுத்த ஒளிப்படம், அச்சும் அதுவே, தாவரப் பதிவும் அதுவே. நாம் மூன்றாகப் பிரித்துப் பேசுவது அவர் கையில் ஒன்றாகத்தான் இருந்தது.

முதலில் மூன்றாவது பூவை உலர்த்த வேண்டும். முழுப் பூவை அப்படியே அழுத்தினால் நடுக்குழல் மேடாக நின்று விளிம்பு மங்கும். நெடுக்காகப் பிளந்த பாதியை வையுங்கள், தனி இதழ்கள் சிலவும் வையுங்கள். செம்பருத்தி வழவழப்பான சாறு உள்ளது, வெறும் செய்தித்தாளில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இருபுறமும் பட்டர் பேப்பர், அதற்கு வெளியே உறிஞ்சும் தாள், மேலே கனம். முதல் சில நாள் உறிஞ்சும் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மருந்து இரண்டு. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மி.லி. தண்ணீரில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், வேறொரு 100 மி.லி. தண்ணீரில். இரண்டையும் தனித்தனிக் கரும்புட்டிகளில் வைத்தால் கெடாமல் இருக்கும், முதல் கரைசலில் மட்டும் சில சமயம் பூஞ்சை வரும், வடிகட்டலாம். வேண்டும்போது இரண்டையும் சம அளவு கலந்து அன்றே பயன்படுத்துங்கள். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள், ஃபெரிசயனைடைக் கடும் அமிலத்தோடோ சூட்டோடோ சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

தாள் தேர்வில்தான் பலருக்குச் சறுக்கும். இன்றைய நல்ல ஓவியத்தாள்கள் பலவற்றில் நாள்பட நிற்பதற்காகச் சுண்ணாம்பு கலந்திருக்கும். அந்தக் காரத்தன்மை இந்த நீலத்தைத் தின்றுவிடும். சுண்ணாம்பு சேர்க்காத பருத்தித் தாள் என்று கேட்டு வாங்குங்கள். மங்கிய மஞ்சள் விளக்கில், உலோகப் பிடியில்லாத அகலத் தூரிகையால் ஒரே சீராகப் பூசி, இருட்டில் முழுதாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் பூவின் சாறு கசிந்து கறை விழும். அந்தக் கறையை விரும்பியே வேண்டுமென்று செய்கிறவர்களும் உண்டு, அது தனிக் கலை.

காய்ந்த தாளின் மேல் பூவை அடுக்கி, மேலே கண்ணாடி வைத்து இறுக்கி, உச்சி வெயிலில் வையுங்கள். வெயிலின் கடுமையைப் பொறுத்து 5 முதல் 20 நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட நிறத்தை நம்புங்கள்: மஞ்சள்பச்சை முதலில் நீலமாகி, அதையும் தாண்டி மங்கிய சாம்பலாக மாறும்போது எடுக்க வேண்டும். நீலமானதும் எடுத்துவிட்டால் கழுவும்போது பாதி போய்விடும். செம்பருத்தி இதழ் மெல்லியது என்பதால் கூடுதலாகச் சில நிமிடம் விட்டால் அதை ஊடுருவியும் வெளிச்சம் இறங்கி, நரம்புகள் வெளிர்நீலத்தில் வரும். அதற்காகத்தான் இந்த முறையே. தனி இதழ்களைக் கொண்டு, ஐந்து, பத்து, பதினைந்து நிமிடம் என்று ஒரு சோதனைத் தாள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஓடும் தண்ணீரில், மஞ்சள் முற்றிலும் நீங்கும்வரை கழுவுங்கள். பத்து நிமிடம் ஆகலாம். நீலம் முழு ஆழத்துக்கு வர ஒரு நாள் பிடிக்கும். பொறுமை இல்லாவிட்டால், கடைசித் தண்ணீரில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளி விட்டால் உடனே கண்முன்னே நீலம் ஆழமாகும்.

மூன்றையும் சேர்ப்பது

இங்கேதான் உற்சாகம். முதல் நாள் எடுத்த ஒளிப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நெகட்டிவாகத் திருப்பி, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டால், அதையும் பூவைப் போலவே சயனோடைப் தாளின் மேல் வைத்து அச்செடுக்கலாம். மை ஓவியத்தையும் அப்படியே ஸ்கேன் செய்து நெகட்டிவாக்கலாம். ஒரே தாளில் பாதிக்கு நிஜ இதழ், பாதிக்கு வெட்டுமுக ஓவியம் என்று வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக்கின் மைப்பக்கம் தாளைத் தொட வேண்டும், அப்போதுதான் கூர்மை. அப்படி வைத்தால் படம் இடம் வலமாக மாறும், ஆகவே கணினியிலேயே ஒருமுறை புரட்டி அச்சிடுங்கள். லினோ தகட்டில் செதுக்கி அச்செடுக்கிறவர்களுக்கும் இதே கதை, டிரேசிங் தாளைக் கவிழ்த்துப் போட்டு வரைவை மாற்ற வேண்டும். மனித முகம் இடம் வலமானால் யாரும் கவனிக்காமல் போகலாம். கொடி சுற்றும் திசை அந்தந்த இனத்துக்கு உரியது, அதைத் திருப்பிவிட்டால் உலகத்தில் இல்லாத செடியை அச்சிட்டவர் ஆவீர்கள். செம்பருத்தியிலும் உங்கள் ஓவியத்தில் ஒரு பக்கம் திருகிய இதழ்கள் அச்சில் மறுபக்கம் திருகி நிற்கும்.

பெயரிடுவதும் வைப்பதும்

ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலால் தாவரப் பெயர், தேதி, பூ எடுத்த இடம் மூன்றையும் எழுதுங்கள். நீல அச்சைக் காரம் கலந்த பாதுகாப்புத் தாளில் சுற்றி வைக்காதீர்கள், சோடா கலந்த எதுவும் அதில் படக் கூடாது. நேர் வெயிலில் மாட்டி வெளிறிப்போனால் பயப்பட வேண்டாம், சில நாள் இருட்டில், காற்றுப்படும்படி வைத்தால் நீலம் பெருமளவு திரும்பும். அழுத்தி உலர்த்திய பூவையும் எறிந்துவிடாதீர்கள். ஓவியம் சரியா என்று பிற்பாடு யாராவது சரிபார்க்க வேண்டுமானால் அந்தப் பூ ஒன்றுதான் ஆதாரம். ஒரு தாள் உறையில் போட்டு, உறையின் மேல் ஓவியத்தின் எண்ணையும் எழுதி, இரண்டையும் ஒரே கோப்பில் வையுங்கள்.